வெளிமான் கண்ணை மூடியிருந்த ஏழு நாட்கள்

அந்தக் காலத்தில், மனிதரும் விலங்குகளும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, வெளிமானுக்கு முகம் முழுக்க ஒரே நிறம்தான். ஆண்மானுக்குக் கறுப்பு, பெண்மானுக்கு மண் நிறம். இன்று அதன் கண்ணைச் சுற்றி நாம் பார்க்கும் வெள்ளை வளையம் அன்று ஒரு மானுக்கும் கிடையாது. அது வந்த விதம் இது.

கோடிக்கரைப் பக்கத்தில் கடலுக்கும் காட்டுக்கும் இடையே உப்பளங்கள் பரந்து கிடந்தன. காட்டை ஒட்டிப் புல்வெளி, புல்வெளியை ஒட்டி வெள்ளைப் பாத்திகள். அந்தப் பாத்திகளில் உப்பு வாருகிறவர்களில் செங்காயி என்று ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டு பாத்திகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள். அவள் கணவன் பூமாலையும் ஒரு காலத்தில் அவள் பக்கத்தில் நின்று உப்பு வாரியவன்தான். இப்போது அவனுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். வரப்பு ஓரத்து ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து, விரலால் தடவிப் பார்த்தே கூடை முடைவான்.

அவன் கண் ஒரே நாளில் போய்விடவில்லை. உப்பின் மேல் விழுகிற வெயில் அங்கேயே தங்காது. திரும்பி எழும்பி நேரே முகத்தில்தான் அடிக்கும். முதலில் கண் கூசியது. பிறகு எரிந்தது. பிறகு சாயங்காலம் ஆனால் மணல் போட்ட மாதிரி உறுத்தியது. செங்காயி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இந்த உப்பு அம்பாரம் குவித்து முடியட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். உறுத்தும்போதெல்லாம் உப்புக் கையோடு கண்ணைக் கசக்கினான். கடைசியில் சீழ் பிடித்தது. பக்கத்துப் பாத்திக்காரர் ஒருவர் நல்ல மனதோடுதான் ஏதோ ஒரு செடியின் பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கண்ணுக்குள் விட்டுக்கொண்டான். அதன் பிறகு அவன் பார்த்தது மூன்று மாதம்தான்.

செங்காயி பத்து நாள் அழுதாள். பதினொன்றாம் நாள் மறுபடி பாத்தியில் இறங்கினாள். ஆனால் பழைய செங்காயியாக இறங்கவில்லை. தலைத்துணியை நெற்றி தாண்டிப் புருவம் வரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். ஒரு பாத்தி வாரி முடித்ததும் உப்பு வாரும் பலகையை ஊன்றி நிமிர்வாள். உப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று காட்டைப் பார்ப்பாள். எட்டத்தில் பச்சையாகத் தெரிகிற மொத்தத்தில் ஒரு பனை தனியாக, ஒரு பாலை மரம் தனியாகப் பிரிந்து தெரிகிற வரைக்கும் பார்ப்பாள். அப்புறம்தான் அடுத்த பாத்தி. முகத்தைத் தொட வேண்டுமென்றால் முதலில் நல்ல தண்ணீரில் கையைக் கழுவுவாள். உச்சி வெயில் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பாத்தியில் நிற்க மாட்டாள். கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். காட்டுக்குள் யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார்கள். அவள் மரங்களைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் திரும்புவாள். அவளுடைய அம்பாரம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் சிறிதாகத்தான் இருந்தது. அதற்காக அவள் உச்சி வெயிலில் இறங்கவில்லை.

புல்வெளியில் வெளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. அறுபது எழுபது உருப்படி. அந்தக் கூட்டத்துக்கும் செங்காயிக்கும் ஓர் ஏற்பாடு. கோடையில் காட்டுக்குளங்கள் எல்லாம் உப்புக் கரித்துப்போகும்போது, மணல் மேட்டில் அவள் தோண்டி வைத்திருந்த ஊற்றில் மட்டும் நல்ல தண்ணீர் கிடக்கும். அதை அவள் மரத்தொட்டியில் இறைத்து ஊற்றுவாள். மான்கள் குடிக்கும். அதற்குப் பதிலாக மான்கள் வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கோடை மழை கடல் பக்கமிருந்து வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். குவித்த உப்பின் மேல் ஓலை போட்டு மூடுவதற்கு அரை நாழிகையாவது வேண்டும். மூடாவிட்டால் ஒரு மாத உழைப்பு கரைந்து வாய்க்காலில் ஓடிவிடும்.

வானம் பார்க்கும் வேலையைக் காரி எடுத்துக்கொண்டது. காரி அந்தக் கூட்டத்தின் தலைமான். முறுக்கிய கொம்பு, மையைப் போலக் கறுத்த உடம்பு. அதன் பார்வைக்கு இணை அந்தக் கரையில் கிடையாது. கடல் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு மேகம் எழும்பினாலும் சொல்லிவிடும். புல்லுக்குள் நரி பதுங்கினால், வெளியே தெரிகிற நரிக்காதின் நுனியை வைத்தே கண்டுபிடித்துவிடும். அதனால் நரிக்குக் காவலும் அதுதான், மழைக்குக் காவலும் அதுதான். நிற்பதற்கு உயரமான இடம் என்று உப்பளத்தின் பெரிய வரப்பைத் தேர்ந்தெடுத்திருந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை அங்கே நின்று, வெள்ளைப் பாத்திகளைத் தாண்டிக் கடலையும், திரும்பிப் புல்வெளியையும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வேறு யாரையும் அது நிற்க விட்டதில்லை. மருதி என்ற மூத்த பெண்மான் ஒருமுறை, கொஞ்ச நேரம் நான் பார்க்கிறேன், நீ போய் மேய் என்றது. உன் கண்ணுக்கு எட்டாது என்று காரி சொல்லிவிட்டது. அது பெருமைக்காகச் சொன்னது அல்ல. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியது. தான் ஒரு கணம் கண்ணை எடுத்தால் அந்தக் கணத்தில்தான் நரி வரும் என்று அதற்கு ஒரு பயம்.

மூன்று கோடை இப்படிப் போயிற்று.

நான்காம் கோடையில் காரியின் கண் கூச ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் தண்ணீர் வழிந்தது. கண்ணோரத்தில் ஈ மொய்த்தது. காரி கண்ணை முன்னங்காலில் தேய்த்துக்கொண்டது. அந்தக் காலில் உப்புப் படிந்திருந்தது, எரிச்சல் கூடியது. பிறகு காலையிலும் ஒரு மங்கல் நின்றது. பனி என்று நினைத்துக்கொண்டது. சித்திரை மாதத்தில் ஏது பனி என்று அதற்கே தோன்றியபோதும் அந்த நினைப்பைத் தள்ளிவிட்டது. தலைமானுக்குக் கண் சரியில்லை என்று தெரிந்தால் கூட்டம் என்ன ஆகும், இளம் ஆண்மான்கள் என்ன செய்யும், நரிகளுக்குச் சேதி எட்டினால் என்ன ஆகும் என்று இதையெல்லாம் யோசித்து வாயை மூடிக்கொண்டது. மற்ற மான்கள் தலை தூக்கினால் தானும் தூக்கும். காக்கை கத்தினால் அந்தத் திசையைப் பார்க்கும். இப்படியே இருபது நாள் ஓட்டியது.

இருபத்தோராம் நாள் மழை வந்தது. நடுப்பகலில் வந்தது. செங்காயி கொட்டகையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காரி குரல் கொடுக்கும் என்று நம்பித்தான் படுத்திருந்தாள். முதல் துளி ஓலையில் விழுந்த சத்தம் கேட்டு அவள் ஓடுவதற்குள் பாதி அம்பாரம் கரைந்துவிட்டது. அவளுடையது மட்டுமல்ல, அந்த வரிசையில் காரியின் குரலை நம்பியிருந்த ஏழு பேருடைய உப்பும் போயிற்று.

மழை நின்றதும் எல்லோரும் காரியைத் திட்டினார்கள். அது வரப்பிலேயே நின்றது. செங்காயி திட்டவில்லை. முழங்கால்வரை சேறோடு வந்து அதன் பக்கத்தில் நின்றாள். அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாத்திகளின் கடைசியைக் கை காட்டினாள்.

“அந்தக் கடைசிப் பாத்தியில எத்தனை கொக்கு நிக்குது, சொல்லு.”

காரி கழுத்தை நீட்டிப் பார்த்தது. வெள்ளையாக ஏதோ சில நிற்பது தெரிந்தது.

“நாலு.”

“அங்க கொக்கே இல்ல காரி. நாலு உப்புக் குவியல் நிக்குது.”

காரி நீட்டிய கழுத்தை இழுத்துக்கொண்டது. இத்தனை நாள் மறைத்து வைத்தது ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது. கூட்டத்துக்குச் சொல்லிவிடாதே அக்கா என்று மட்டும் கேட்டுக்கொண்டது.

செங்காயி அதைக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நிழலில் நிறுத்தி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, இமையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். வெள்ளைவிழி முழுக்கச் சிவந்து, இமை வீங்கியிருந்தது. ஆனால் நடுவே கருவிழியில் பூ விழவில்லை. பூமாலையின் கண்ணில் அந்தப் பூ விழுந்ததை அவள் தினமும் பார்த்தவள். அதனால் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இது போன கண் இல்லை, போய்க்கொண்டிருக்கிற கண். நிறுத்தலாம்.

ஏழு நாள் கண்ணைத் திறக்கக் கூடாது என்றாள். வெயில் பார்க்கக் கூடாது, உப்பைப் பார்க்கக் கூடாது, காலில் தேய்க்கக் கூடாது. துணி போட்டுக் கட்டுவேன், காலையும் மாலையும் அவிழ்த்துக் கழுவிவிடுவேன். இவ்வளவுதான்.

காரி முடியாது என்றது. ஏழு நாள் கூட்டத்துக்குக் காவல் யார் என்று கேட்டது. இப்போதுதான் ஐந்தாறு குட்டிகள் பிறந்திருக்கின்றன, நரிகள் அதற்காகவே காட்டு ஓரத்தில் சுற்றுகின்றன, இந்தக் கோடை மட்டும் முடியட்டும், மழைக்காலம் வந்ததும் ஏழு நாள் என்ன, பதினைந்து நாள் மூடிக்கொள்கிறேன் என்றது.

அதுவரை மூலையில் கூடை முடைந்துகொண்டிருந்த பூமாலை கையை நிறுத்தினான்.

“நானும் இப்படித்தான் சொன்னேன். இந்த அம்பாரம் முடியட்டும்னு. அம்பாரம் முடிஞ்சுது. அதை மத்தவங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. நான் பாக்கல.”

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடி ஓலையை எடுத்தான்.

காரி பூமாலையின் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு, சரி, ஆனால் கூட்டத்திடம் என்ன சொல்வது என்று கேட்டது. இருக்கிறதைச் சொல் என்றாள் செங்காயி. காவலைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு வா என்றாள்.

அன்று மாலை காரி கூட்டத்தின் நடுவே போய் நின்றது. அதன் வாழ்நாளில் நரியை எதிர்த்து நின்றபோதுகூட அதற்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. தனக்கு இருபது நாளாகத் தூரம் தெரியவில்லை என்று சொன்னது. தெரிகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னது. அந்த இருபது நாளில் நரி வராமல் போனது கூட்டத்தின் அதிர்ஷ்டம், தன் காவல் அல்ல என்றது. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றது. கொம்பால் யாராவது முட்டித் தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்தது.

இளம் ஆண்மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று முன்னால் ஓர் அடி எடுத்தும் வைத்தது. அதற்குள் மருதி குறுக்கே வந்து நின்றது.

“மூணு வருஷமா நீ நின்ன. உனக்குக் கண்ணு வலிக்குதான்னு எங்கள்ல ஒருத்தரும் கேக்கல. அதுக்கு நாங்கதான் தலை குனியணும்.”

முன்னால் வந்த ஆண்மான் பின்வாங்கிக்கொண்டது. அதன் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. யார் எப்போது நிற்பது என்பதில் பெரிய விவாதம். ஒருவரே நாள் முழுக்க நின்றால் அந்தக் கண்ணும் காரியின் கண் மாதிரி ஆகும் என்றது ஒரு பெண்மான். அதனால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முடிவாயிற்று. ஒன்று தலை நிமிர்ந்து நிற்கும். கூட்டம் நூறு கடி புல் மேய்கிற நேரம் நின்றால் போதும். பிறகு குளம்பால் தரையைத் தட்ட வேண்டும். அடுத்தது நிமிரும், முதல் மான் குனிந்து பச்சையைப் பார்த்து மேயப் போய்விடும். நிற்கிற இடமும் உப்பு வரப்பு வேண்டாம், புல்வெளி நடுவே மேட்டில் நின்றால் போதும் என்றது மருதி. மழைக்கும் அங்கிருந்தே பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் செங்காயி வேலையைத் தொடங்கினாள். ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்திருந்தாள். அதை ஊற்றி ஊற்றிக் கண்ணிலிருந்த உப்பும் பீளையும் போகக் கழுவினாள். சேதி கேட்டு வந்த பக்கத்துப் பாத்திக்காரர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். இந்த இலையின் சாறு, அந்தப் பூவின் சாறு, தாய்ப்பால், தேன் என்று. செடிப்பால் கொண்டுவந்து கொடுத்த அதே மனிதரும் வந்திருந்தார். அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. செங்காயி எல்லோரையும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டாள். கண்ணுக்குள் சுத்தமான தண்ணீரைத் தவிர வேறு எதுவும் போகாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஊற்றின் அடியில் வெண்ணிறக் களிமண் இருந்தது. குளிர்ச்சியான மண். அதைக் குழைத்துக் கண்ணுக்கு வெளியே, இமையைத் தொடாமல், ஒரு விரல் அகலத்துக்கு வட்டமாக அப்பினாள். ஈ வராமலும், கட்டுகிற துணி கண்ணில் அழுந்தாமலும் இருப்பதற்காக. அதன் மேல் தன் பழைய சேலையின் மெல்லிய பகுதியைக் கிழித்து நனைத்துக் கட்டினாள். காரிக்கு உலகம் இருண்டது.

முதல் இரண்டு நாள் காரி பகலெல்லாம் கொட்டகை நிழலில் நின்றது. சாயங்காலம் மருதி வந்து கூட்டத்துக்கு அழைத்துப்போகும். இருட்டுக்குள் நிற்பது அதற்குப் பழக்கமில்லாத விஷயம். ஒவ்வொரு சத்தத்துக்கும் கழுத்தைத் திருப்பியது. புல் அசைந்தால் நரி என்று நினைத்தது. மூன்றாம் நாள் கண் அரிக்க ஆரம்பித்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. கொட்டகைத் தூணில் ஒரே ஒரு தடவை தேய்த்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. தூணின் பக்கம் நகர்ந்தும் விட்டது.

“அரிக்குதா?” என்று கேட்டான் பூமாலை. குளம்புச் சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. “ஆறுற கண்ணு அரிக்கும். நான் அதைத்தான் கசக்கிக் கெடுத்தேன். இங்க வந்து பேசிட்டு நில்லு.”

காரி அவன் பக்கத்தில் போய் நின்றது. பூமாலை தனக்குக் கண் தெரிந்த காலத்தில் பார்த்ததையெல்லாம் சொன்னான். பூநாரைக் கூட்டம் எழும்பும்போது கடற்கரை முழுக்கச் சிவந்து தெரியும் என்று சொன்னான். செங்காயியைக் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் அவளுக்கு நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது, இப்போதும் இருக்கிறதா என்று கேட்டான். கட்டு அவிழ்த்ததும் பார்த்துச் சொல்கிறேன் என்றது காரி. பேச்சில் அரிப்பு மறந்துபோயிற்று. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அப்படியே கழிந்தன.

ஆறாம் நாள், விடிந்து கொஞ்ச நேரத்தில், நரிகள் வந்தன.

ஐந்து நரிகள். காரி வரப்பில் நிற்காததை அவை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தன. காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வந்து, உயரப் புல்லுக்குள் வயிறு தரையில் பட ஊர்ந்தன. குட்டிகள் படுத்திருந்த இடத்துக்கும் அவற்றுக்கும் இடையே ஐம்பது அடிதான் இருந்தது. அப்போது மேட்டில் நின்றது இரண்டு வயதுப் பெண்மான் ஒன்று. அதற்குக் காரியின் பார்வையில் பாதிகூடக் கிடையாது. ஆனால் சற்று முன்புதான் மேய்ந்து முடித்து முறைக்கு வந்திருந்தது. கண் தெளிவாக இருந்தது. காற்று ஒரு பக்கம் சாய்க்கிற புல்லில் ஓர் இடம் மட்டும் மறுபக்கம் சாய்வதைப் பார்த்தது. உடனே தரையைத் தட்டியது.

கூட்டம் ஒரே துள்ளலில் எழுந்தது. தாய்கள் குட்டிகளை முன்னே விட்டன. அன்று காரி கூட்டத்தோடுதான் இருந்தது; செங்காயி கண் கழுவ இன்னும் வரவில்லை. நாலா பக்கமும் குளம்புகள் அதிர்ந்தன. எந்தப் பக்கம் நரி, எந்தப் பக்கம் கூட்டம் என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு புதரில் முகத்தை உரசினால் துணி கழன்றுவிடும். கண்ணைத் திறந்து பார்த்துவிடலாம். ஆறு நாள் ஆகிவிட்டதே, போதாதா என்று நினைத்தது. அது தலையைத் தாழ்த்தியும் விட்டது.

“அவுக்காத,” என்று பக்கத்தில் மருதியின் குரல் கேட்டது. “என் விலாவோட ஒட்டி ஓடு. வழியை நான் சொல்றேன்.”

காரி தலையை நிமிர்த்திக்கொண்டது. அந்த ஒரு கணத்தில் அது எடுத்த முடிவுதான் இந்தக் கதையில் எல்லாவற்றுக்கும் மூலம். மூன்று கோடையாக வேறு ஒரு மானின் கண்ணையும் நம்பாத காரி, கண்ணை மூடியபடியே முழு வேகத்தில் ஓடியது. மேடு என்றது மருதி, காரி காலைத் தூக்கி வைத்தது. தண்ணீர் என்றது, காரி வேகத்தைக் குறைத்தது. வரப்பு, குதி என்றது. காரி எதுவும் யோசிக்காமல் இருட்டுக்குள் குதித்தது. குதித்த இடத்தில் தரை இருந்தது.

கூட்டம் உப்பளத்து ஓரமாக வளைந்து ஓடியது. இரைச்சல் கேட்டுப் பூமாலை கொட்டகையிலிருந்து வெளியே வந்து உப்பு வாரும் பலகையைத் தூணில் ஓங்கி ஓங்கி அடித்தான். செங்காயியும் மற்றவர்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நரிகளுக்குக் குட்டி ஒன்றும் பின்தங்கிக் கிடைக்கவில்லை. மனிதரும் வந்துவிட்டார்கள். அவை புல்லுக்குள் திரும்பிப் போயின.

மருதி மூச்சு வாங்க எண்ணிப் பார்த்தது. ஒன்றும் குறையவில்லை. முதலில் பார்த்தது யார் என்று காரி கேட்டது. சொன்னார்கள். அந்த இரண்டு வயதுப் பெண்மான் வெட்கப்பட்டுப் பின்னால் போய் நின்றது. காரி அதை அருகே கூப்பிட்டு, நான் நின்றிருந்தால் இன்று ஒரு குட்டியாவது போயிருக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. சொல்லும்போது அதற்கு மனதில் பாரம் இல்லை. மூன்று வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைத்தது போல உடம்பு லேசாக இருந்தது.

ஏழாம் நாள் சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு, செங்காயி காரியைக் காட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். துணியை அவிழ்த்தாள். உடனே திறக்காதே, மெதுவாகத் திற என்றாள். காரி திறந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு பச்சை தெரிந்தது. பச்சை பிரிந்து மரங்களாயிற்று. மரங்களில் கிளைகள் வந்தன. ஒரு கிளையில் காற்றில் நடுங்கும் இலைகூடத் தெரிந்தது. இடது கண்ணில் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் புகை நின்றது. அது போக இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

வெயில் போனதால் செங்காயி தலைத்துணியை அவிழ்த்திருந்தாள்; காரி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்துச் சொன்னது.

“தழும்பு இருக்கு அண்ணே. இடது புருவத்துக்கு மேல.”

பூமாலை சிரித்தான். கட்டை அவிழ்த்ததிலிருந்து அவ்வளவு நேரமும் அவன் கூடையைத் தொடாமல் காத்திருந்தான். செங்காயி புடவைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோகப் பார்த்து, கையில் மண் இருப்பது நினைவுக்கு வர, கையை இறக்கிவிட்டு அப்படியே கண்ணீர் வழிய நின்றாள்.

பிறகு காரியின் முகத்திலிருந்த களிமண்ணைக் கழுவினாள். மண் போயிற்று, வெள்ளை போகவில்லை. மண் இருந்த இடத்து மயிரெல்லாம் வெளுத்து, கறுத்த முகத்தில் இரண்டு கண்ணைச் சுற்றியும் வெள்ளை வளையம் நின்றது. தேய்த்துப் பார்த்தாள். மூன்று குடம் தண்ணீர் ஊற்றினாள். வளையம் அப்படியே இருந்தது. அழகைக் கெடுத்துவிட்டேனோ என்று அவளுக்குச் சங்கடம்.

மருதி எட்டப் போய் நின்று பார்த்தது. பின்னும் எட்டப் போனது. திரும்பி வந்து சொன்னது, “இது இருக்கட்டும். அவ்வளவு தூரத்துல இருந்தும் உன் கண்ணு எங்க பாக்குதுன்னு தெரியுது. சோர்ந்தாலும் தெரியும். இனிமே உன்னால மறைக்க முடியாது.”

காரிக்கு அது பிடித்திருந்தது. மற்ற மான்களுக்கும் பிடித்தது. மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கூட்டம் முழுக்க வரிசையாக வந்து நின்றது. காவலுக்கு முறை நிற்கிற எல்லோருக்கும் அந்த வளையம் வேண்டும் என்றார்கள். செங்காயி ஊற்றின் அடியைத் தோண்டித் தோண்டி ஒவ்வொன்றுக்கும் அப்பிவிட்டாள். நரியைக் கண்டுபிடித்த அந்த இரண்டு வயதுப் பெண்மானுக்கு முதலில் போட்டாள். எல்லோருக்கும் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த வருஷக் கடைசியில் பிறந்த குட்டிகள் மண் எதுவும் வைக்காமலே வளையத்தோடு பிறந்தன.

உப்பளத்து ஆட்களும் அதற்குப் பிறகு செங்காயியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருவர் இருவராகத் தலைத்துணியைப் புருவம் வரை இறக்கிக் கட்டினார்கள். ஒரு பாத்தி முடிந்ததும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். வரிசையில் இருக்கிற எல்லோரும் பலகையை ஊன்றி நிமிர்ந்து, உப்புக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்ப்பார்கள். செடிப்பால் கொடுத்த மனிதர்தான் பெரும்பாலும் அந்தக் குரலைக் கொடுப்பார்.

வெளிமான் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு நடப்பதும், கூட்டத்தில் ஒன்று குனிந்து மேயும்போது இன்னொன்று நிமிர்ந்து நின்று, கண் களைக்கும் முன்னே காவலை அடுத்ததற்குக் கொடுத்துவிடுவதும் அன்று முதல்தான்.